டிரே கைமாறும் மெட்டு

1. கிராஞ்சி

கிட்டாரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடுவது என் தொழில். முதல் மேடை கிராஞ்சியில், வெளிநாட்டு ஊழியர் விடுதித் திடலில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். அறிவிப்பாளர் என்னைப் "பாரம்பரிய கிராமியப் பாடகி" என்று அறிமுகப்படுத்திவிட்டு இறங்கிப் போனார். இணையத்தில் கேட்டு மனப்பாடம் செய்த நடவுப் பாட்டைத் தொடங்கினேன்.

முதல் சரணம்கூட முடியவில்லை. முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. நாத்து நட்டிருக்கீங்களா?"

"இல்லண்ணே."

"அதான். குனிஞ்சு நடுறவங்களுக்கு இவ்ளோ நீளமா மூச்சு வராதுக்கா. உங்க ஊரு பாட்டு ஏதாவது பாடுங்களேன்."

திடலே சிரித்தது. எனக்கு வியர்த்துவிட்டது. என் ஊர் பூன் லே, முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்கள். அங்கே ஏது நாட்டுப்பாட்டு?

அம்மா பாத்திரம் துலக்கும்போது ஒரு மெட்டை முனகுவார். சொற்கள் கிடையாது, வெறும் லாலாதான். வேறு வழி தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பழைய அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. அதையே பாட்டாக்கினேன்.

"அஞ்சாம் மாடி நின்னுச்சு
ஏழாம் மாடி என் வீடு
அரிசி மூட்ட தோள் மேல
படிதான் எனக்குத் துணை லா!"

கடைசி வரியை இரண்டாவது முறை அவர்களே பாடினார்கள். "துணை லா, துணை லா" என்று கைதட்டியபடி, இறங்கவே விடவில்லை.

2. அம்மா

அதன்பிறகு போன இடமெல்லாம் 'லிஃப்ட் பாட்டு' கேட்டார்கள். ரெக்கார்டிங்குக்கு நாள் குறித்தோம். 'சொல், இசை' என்று என் பெயரைப் போட்டு சிடி அட்டையும் தயார். அட்டையைப் பெருமையாக அம்மாவிடம் காட்டினேன்.

"இசைன்னு உன் பேரு போட்டிருக்கியே, அது ரொஹானி பாட்டுலா!"

ஜூரோங்கில் அம்மா வேலை பார்த்த ஃபேக்டரியில், பக்கத்து இருக்கைக்காரர் ரொஹானி. அசெம்பிளி லைனில் பாகங்கள் வைத்த டிரே கைமாறும் தாளத்துக்கு அவர் பாட, மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வார்களாம். ஃபேக்டரி மூடியபிறகு அம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

"இப்ப எங்கம்மா இருக்காங்க?"

"தெரியலையே. ஆனா கேக்காம போடாதே."

ரெக்கார்டிங்கைத் தள்ளிவைத்தேன். என்னோடு வாசிக்கும் தபேலாக்காரர் கோபித்துக்கொண்டார். அம்மா பழைய தோழிகள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, கடைசியில் ரொஹானியின் செங்காங் முகவரியைப் பிடித்தார்.

3. செங்காங்

எல்ஆர்டி ரயிலில் அம்மாவோடு போகும்போது பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொஹானி கூடாது என்றுவிட்டால், ஜனங்கள் விரும்பிக் கேட்கும் என் ஒரே பாட்டும் போய்விடும்.

கதவைத் திறந்த ரொஹானி மாச்சிக், அதாவது மலாயில் அத்தை, என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் மலாயில் அரைமணி நேரம் பேசி என்னை மறந்தே போனார்கள். குவே பலகாரத் தட்டு வந்தபிறகுதான் நான் பாட முடிந்தது.

கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் இல்லையென்று தலையை ஆட்டினார். "கேனாட் லா."

எனக்கு உயிரே போய்விட்டது.

"ரொம்ப ஃபாஸ்ட்," என்றார், லைனில் கற்ற தமிழில். "இப்படி பாடினா டிரே எல்லாம் கீழ விழும்."

மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். உடனே அம்மாவின் கை தானாக எழுந்தது. குவே தட்டை எடுத்து, தாளம் தவறாமல் அவரிடம் நீட்டினார். அவர் வாங்கித் திருப்பி நீட்டினார். அந்த நிதானத்தில் நான் மறுபடி பாடினேன். அதுவரை முட்டி மோதிக்கொண்டிருந்த சொற்கள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்தன.

"உங்க பேரு போடலாமா மாச்சிக்?"

"பாதிதான் என்னோடது. மீதிய எங்க லைன்ல இருந்த ஆ லிங் பாடுவா. உங்கம்மாதான் நடுவுல அந்த வளைவு போட்டா. மறந்துட்டாளா?"

அம்மா வெட்கத்தோடு சிரித்தார். எனக்கு அது புதுச் செய்தி.

ஆ லிங்கிடமும் கேட்டபின், மறுமாதம் ரெக்கார்டிங் முடிந்தது. அட்டையில் இசை என்ற இடத்தில் மூன்று பெண்களின் பெயர்கள். தபேலாக்காரரும் புது டெம்போவைக் கேட்டுவிட்டுச் சமாதானமாகிவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மெட்டு எங்கே பிறந்ததோ அங்கே கொண்டுபோய் ஒருமுறை பாடிக்காட்டுங்கள். நாம் எந்த இடத்தில் அவசரப்படுகிறோம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.