நீல ஜீப்புக்கு அடியில் இருந்த வண்டி

குத்தாலத்துக்கு சீசன்ல வருதவங்களுக்கு எங்க வீட்டுக்காரர் பேரு தெரியாது. நீல ஜீப்புக்காரர்னாத்தான் தெரியும். மாமனார் வாங்குன ஜீப் அது. வருஷா வருஷம் வருத குடும்பங்க, நாலு வண்டிக்காரன் கையப் பிடிச்சு இழுத்தாலும் ஏறமாட்டாங்க. அந்த நீல மூஞ்சி எங்க நிக்குன்னு தேடி வருவாங்க. அந்த மூஞ்சிதான் எங்களப் பிடிச்ச சனி.

வண்டிக்கு வயசாகிப்போச்சு. தென்காசி ரோட்டுல ஓடும், எஸ்டேட் மேட்டுல ஏறாது. பாதி மேட்டுல ஆளுங்கள எறக்கி நடக்கவிட வேண்டியதாயிட்டு. வித்துட்டு வேற வாங்குவோம்னு இவரு சொன்னாரு. அப்பதான் மூத்தார் வந்து நடுவுல உக்காந்தாரு. எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன், போலீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. ரிட்டையர் ஆனது ஆளுதான், மீசை இன்னும் டூட்டியிலதான் இருக்கு.

"ஏலே, அப்பா வண்டிய வித்தா ஊர்ல நம்மள மதிப்பானா? மேல உள்ளது அப்படியே இருக்கட்டும். கீழ உள்ளத மாத்து"ன்னாரு.

அவரே செங்கோட்டையில ஒண்ணு பிடிச்சாரு. மேல தகரமெல்லாம் இத்துப்போன, நாலு சக்கரமும் சேந்து இழுக்குத ஃபோர்வீல் வண்டி. எஞ்சினும், அதத் தாங்குத அடிச்சட்டம், அந்த சேசிஸும் மட்டும் நல்லா இருந்துச்சு. பேப்பரு ஒண்ணும் கிடையாது. பட்டறையில எங்க ஜீப்போட நீல பாடிய சங்கிலி போட்டுத் தூக்கி, அந்தச் சேசிஸ் மேல உக்கார வச்சு போல்ட் அடிச்சாங்க. பழைய சேசிஸ் எங்க வீட்டுப் பொறவாசலுக்கு வந்துட்டு. நம்பர் பிளேட்ட மட்டும் மூத்தாரு தன் கையாலேயே கழட்டி, புதுசுல மாட்டுனாரு.

நான் வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கல. "அத்தான், ஆர்சி புக்குல உள்ள சேசிஸ் நம்பரு வேறல்லா? ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி அனுமதி வாங்காண்டாமா? நாளைக்கு ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரன் கேக்க மாட்டானா?"ன்னேன்.

சிரிச்சாரு. "ஏம்மா, வேட்டிய மாத்திக் கட்டுனா ஆளு மாறிருவானா? மூஞ்சி அதேதான. எழுதிக் குடுத்தா இல்லாத கேள்வியெல்லாம் கேப்பான். நான் பாத்துக்கிடுதேன்."

இவரு என்னைத்தான் அதட்டுனாரு. "அண்ணனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? சும்மா கெட."

தெருவே அப்படித்தான் நெனச்சுச்சு. நீல ஜீப்புன்னா நீல பாடிதான, அடியில குனிஞ்சா பாக்கப்போறோம்? கோயில் வாசல்ல நிப்பாட்டி மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துனோம். செக்போஸ்ட்ல மூத்தார் முன் சீட்டுல இருந்து தலைய நீட்டுவாரு, அங்க உள்ளவங்க சலாம் போட்டு விட்டுருவாங்க. இன்சூரன்ஸ் புதுப்பிக்க ஏஜெண்ட் போட்டோதான் கேட்டான். முன்பக்கத்த எடுத்து அனுப்புனோம், பாலிசி வந்துட்டு. சேசிஸ் நம்பர எட்டிப் பாக்க அவனுக்கும் நேரமில்ல.

ஒரு சீசன் நல்லாத்தான் ஓடுச்சு. நானே கூட நம்மதான் வீணா பயந்துட்டோம்னு நெனச்சேன். அடுத்த சீசன்ல, ஆளுங்கள மேல விட்டுட்டு இவரு தனியா எறங்கி வாராரு. மழை. பாதையோட ஓரம் சரிஞ்சு வண்டி உருண்டுட்டு. போல்ட்டெல்லாம் தெறிச்சு பாடி ஒரு பக்கம், சேசிஸ் ஒரு பக்கம். ரெண்டுக்கும் நடுவுல இவரோட எடது காலு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில முட்டிக்கு மேலேயே எடுத்துட்டாங்க.

அன்னைக்கு எனக்கு இருந்த ஒரே தைரியம் அந்த பாலிசிதான். ஓட்டுத ஓனருக்குக் கை கால் போனாலும் பணம் உண்டுன்னு அதுல போட்டிருந்துச்சு. அத வச்சு செயற்கைக் கால் வாங்கணும், தெரு முக்குல ஒரு கடை வச்சுக் குடுக்கணும். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

இன்சூரன்ஸ்ல இருந்து ஆளு வந்து, போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கெடந்த வண்டியப் பாத்தாரு. நீல பாடிய அவரு திரும்பிக்கூடப் பாக்கல. நேரா சேசிஸ்கிட்ட குத்தவச்சு, சகதியத் தொடச்சு நம்பரப் படிச்சாரு. "அம்மா, இந்த வண்டிக்கு நாங்க இன்சூரன்ஸ் போடல."

"நம்பர் பிளேட்டப் பாருங்க சார்."

"பிளேட்ட யாரும் எதுலயும் மாட்டலாம்மா. சேசிஸ்தான் வண்டி."

மூத்தார அங்க இங்க தேடுனேன். எல்லாத்தையும் பாத்துக்கிடுத மனுஷன், புளியமரத்தடியில செல்போனக் காதுல வச்சுக்கிட்டு ரோட்டப் பாத்து நிக்காரு. அந்தப் பக்கம் யாரும் பேசலன்னு எனக்குத் தெரியும்.

தென்காசியில வக்கீலப் பாத்தேன். சேசிஸ மாத்தணும்னா முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வேணும், கேக்காம மாத்துனதே குத்தம், அதுலயும் பேப்பர் இல்லாத சேசிஸ், கேஸ் போட்டா நம்ம மேலதான் திரும்பும்னாரு. நான் அன்னைக்குக் கேட்ட கேள்விதான். வக்கீல் சொன்னாருன்னதும் வீட்டுல எல்லாரும் தலைய ஆட்டுதாங்க. ஒருத்தரு வாயில இருந்தாவது, நீ அன்னைக்கே சொன்னியேம்மான்னு ஒரு வார்த்தை வரணுமே!

போன வாரம் மூத்தார் வாழைப்பழச் சீப்போட வந்தாரு. கட்டில் பக்கத்துல சேரப் போட்டு உக்காந்து, பொறவாசல எட்டிப் பாத்தாரு. அங்கதான் பழைய சேசிஸ் கெடக்கு, நான் அதுலதான் துணி காயப்போடுதேன்.

"ஏலே, பாடிக்கு ஒண்ணும் பெரிசா ஆகல. தட்டி நிமித்திரலாம். பழைய சேசிஸ்லயே திரும்ப உக்கார வச்சுட்டா நம்பரும் சரி, புக்கும் சரி, இன்சூரன்ஸும் சரி. எவனும் ஒரு கேள்வி கேக்க முடியாது. நான் பாத்துக்கிடுதேன்."

"எல்லாம் சரிதான் அத்தான். கிளட்ச மிதிக்க எடது காலுக்கு எங்க போக?"ன்னேன்.

மூத்தாரு சீப்புல இருந்து ஒரு பழத்தப் பிச்சு உரிச்சாரு. எங்க வீட்டுக்காரருதான் தலைகாணியில இருந்து எந்திச்சு என்னைய மொறச்சாரு. "ஏட்டி, அண்ணன்கிட்ட என்ன பேச்சு பேசுத? போயி காப்பி போடு."

போட்டுக் குடுத்தேன்.