படிக்காமல் கையெழுத்துப் போட்ட நாலு பக்கம்

சபை முன்னாடி நின்னு சொல்ல வேண்டிய இந்தச் சாட்சியை நான் உட்கார்ந்தே சொல்றேன், மன்னிச்சுக்கோங்க. வீடு கட்டி முடிஞ்சு மூணு மாசமாச்சு. உடம்புல இன்னும் தெம்பு வரல.

என் பேர் ஜெயசீலி. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். என் வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்துல வேலை. இருபத்தாறு வருஷம் குவார்ட்டர்ஸ்லயே ஓடிப்போச்சு. ரிட்டயர்மென்ட் வந்தது. சித்திரைக்குள்ள குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அதனால நெம்மேலியில வாங்கிப் போட்டிருந்த மனையில வீடு கட்ட ஆரம்பிச்சோம்.

கான்ட்ராக்டர் நல்ல மனுஷன்னு நாலு பேர் சொன்னாங்க. அக்ரிமென்ட் கொண்டு வந்தார். நாலு பக்கம். அதுமேல கை வெச்சு ஜெபம் பண்ணினேன். கையெழுத்துப் போட்டேன். ஒரு வரிகூடப் படிக்கல. ஜெபம் பண்ணியாச்சே, இனி என்ன படிக்கிறதுன்னு இருந்துட்டேன். அதை விசுவாசம்னு நினைச்சேன். அது வெறும் சோம்பேறித்தனம்.

ஐப்பசி மாசம். தூண்களுக்குக் குழி எடுத்துக்கிட்டிருந்தாங்க. மறுநாள் காங்கிரீட் போடறதா ஏற்பாடு. பின்பக்க மூலையில கடைசிக் குழியை எடுக்கறப்ப மண் பொலபொலன்னு உள்ள இறங்கிடுச்சு. கீழே மக்கின தென்னமட்டை, கிழிஞ்ச வலை, கறுப்புத் தண்ணி.

"பழைய கிணறு மேடம்"னார் கான்ட்ராக்டர். "மொத்தத்தையும் தோண்டி எடுத்து நிரப்பணும். எவ்வளவு ஆழமோ தெரியல."

"அது உங்க வேலைதானே?"

"அக்ரிமென்ட்ல அஞ்சடி அஸ்திவாரம்னுதான் இருக்கு. அதுக்குக் கீழ எது இருந்தாலும் என் பொறுப்பில்ல மேடம்."

வீட்டுக்கு வந்து அன்னைக்குத்தான் அந்த நாலு பக்கத்தைப் படிச்சேன். அவர் சொன்னது நிஜம். மண் பரிசோதனை யார் செய்யணும், நினைக்காதது வந்தா யார் முடிவெடுக்கணும், வேலை நின்னா எத்தனை நாளைக்குள்ள தொடங்கணும், எதுவுமே இல்ல. அவர் ஆட்களைக் கூட்டிக்கிட்டு கேளம்பாக்கத்துல வேற வேலைக்குப் போயிட்டார்.

மழை பிடிச்சுக்கிச்சு. குழி நிரம்பி ஓரம் சரிஞ்சது. பக்கத்து வீட்டுப் பின்சுவர்ல விரிசல் விழுந்தது. அது கன்னியம்மாவோட வீடு. அவங்க வீட்டுக்காரர் கடலுக்குப் போறவர், அவங்க மீன் விக்கிறவங்க. நான் பஸ்ஸை விட்டு இறங்குறதுக்குள்ள வந்து நிப்பாங்க.

"இன்னாம்மா, எங்க வூட்ட இட்ச்சிட்டுத்தான் உங்க வூட்ட கட்டுவியா? கொயந்திங்க அந்த சொவுத்தாண்டதான் படுக்குதுங்க."

அவங்க கேட்டது நியாயம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, கால்ல ஆறாத புண். அவரால வர முடியாது. நான் ஒருத்தியே குடையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். "ஆண்டவரே, அந்தம்மா வாயைக் கட்டும்." தினமும் இதுதான் என் ஜெபம்.

பத்தொன்பது நாள் அப்படிப் போச்சு. அதுக்கடுத்த நாள் காலையில எனக்கு ஜெபிக்கவும் வரல. மணல் குவியல் மேலயே உட்கார்ந்துட்டேன். "முடியல, நீரே பாரும்" அவ்வளவுதான் சொன்னேன். அழுகைகூட வரல.

கன்னியம்மா வந்தாங்க. அவங்க பேசறதுக்கு முன்னாடி நான் சொன்னேன்: "அக்கா, முதல்ல உங்க சுவருக்கு முட்டுக் கொடுக்கச் சொல்றேன். என் வீடு அப்புறம் பார்த்துக்கலாம்." முன்னாடியே யோசிச்சு வெச்ச பேச்சில்ல அது. எப்படி வந்ததுன்னு எனக்கே தெரியல.

அவங்க மீன் கூடையை இறக்கி வெச்சுட்டு, சரிஞ்ச குழியைக் கை காட்டினாங்க.

"இன்னாத்துக்கு அத்தப் போயி கெணறுன்னு சொல்லிகினு கீறீங்க? அது, மனை காலியா கெடந்தப்போ எங்க மாமனார் வெட்டுன குப்பக்குழி. கெணறு இங்க கீது."

சேத்துல நடந்து போய் ஒரு இடத்துல நின்னாங்க. சமையலறைத் தூணுக்கு எடுத்த குழியோரம்.

"கண்ணாலம் கட்டிகினு வந்தப்போ இங்கதான் தண்ணி மொண்டேன். சுனாமிக்கப்புறம் உப்பா பூட்ச்சு. மண்ணக் கொட்டி மூடிட்டாங்க."

அந்தச் சமையலறைக் குழியை எடுக்கறப்ப அஞ்சடிக்கும் நல்ல மணல்தான் தெரிஞ்சது. குப்பைக்குழி சரியாம இருந்தா, மறுநாளே அங்க காங்கிரீட் போட்டிருப்பாங்க. கிணத்து மேல தூண் நின்னிருக்கும்.

எந்த வாயைக் கட்டும்னு கேட்டேனோ, அந்த வாய் வழியாத்தான் ஆண்டவர் எனக்குப் பதில் சொன்னார்.

போன் பண்ணினதும் கான்ட்ராக்டர் வந்தார். நம்ம சபைக்கு வர்ற ரிட்டயர்டு இன்ஜினியர் ஒருத்தரும் வந்தார். நீளக் கம்பியை அந்தக் குழிக்குள்ள குத்தினாங்க. தடையில்லாம இறங்கிக்கிட்டே போச்சு. கான்ட்ராக்டர் முகம் வெளுத்துடுச்சு.

"குப்பைக்குழியைச் சுத்தம் பண்ணி நிரப்பிடுங்க. கிணத்தைத் தோண்ட வேண்டாம், பக்கத்துச் சுவர் போயிடும். ரெண்டு பக்கமும் தூணைத் தள்ளி வெச்சு, மேல பீம் போட்டுத் தாண்டிடலாம்"னார் இன்ஜினியர்.

அன்னைக்கே அக்ரிமென்ட்டுக்கு இன்னொரு பக்கம் எழுதினோம். முதல் வரி, கன்னியம்மா வீட்டுச் சுவருக்கு முதல்ல முட்டுக் கொடுத்துச் சரி பண்ணணும்னு. அடுத்தது, மண்ணுக்குள்ள நினைக்காதது எது வந்தாலும், நான், கான்ட்ராக்டர், இன்ஜினியர் மூணு பேரும் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை நடக்கணும்னு. ஒவ்வொரு வரியையும் சத்தமா வாசிக்கச் சொன்னேன். புரியாததைக் கேட்டேன்.

"இது எனக்கும் நல்லதுதான் மேடம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல"ன்னார் கான்ட்ராக்டர்.

எல்லாம் சரியா அமைஞ்சதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். சித்திரைக்குள்ள முடியல, ரெண்டு மாசம் வாடகை வீட்டுல இருந்தோம். என் வீட்டுக்காரர் கால் புண் இன்னும் ஆறல. ஆனா வீடு நிக்குது. பக்கத்து வீடும் நிக்குது. ஸ்தோத்திரம்.

வீடு கட்டப் போற சகோதர சகோதரிகளே, ஜெபம் பண்ணுங்க. பண்ணிட்டு, கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொரு வரியையும் படிங்க. புரியலைன்னா கேளுங்க, வெட்கம் வேண்டாம். முதல் மண்வெட்டி விழறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்க. ஓய்ஞ்சு போய் ஜெபிக்க வார்த்தையே வராத நாளும் வரும். அன்னைக்கும் அவரை விட்டுப் போயிடாதீங்க. நாம பேசாம இருந்தாலும் அவருக்குக் கேட்கும்.