பொன்மணி லாயத்துக் குதிரைகளின் உயரம்

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மை கலக்கும் வேலை பார்த்தவர் பொன்மணி. ஊர் ஆமத்தூர். பட்டாசுப் பெட்டி லேபிளுக்குக் கம்பெனிக்காரர்கள் கேட்கும் பச்சை ஒவ்வொருவருக்கும் ஒரு பச்சை. மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மஞ்சள் மையில் நீலத்தைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்து அதைக் கொண்டுவந்துவிடுவார்.

நான் அவரை அறிந்தது அச்சகத்தில் அல்ல; பஸ் நிலையத்துக்கு எதிரில் ஜெபசுந்தர் என்ற இளைஞர் நடத்திய பிரௌசிங் சென்டரில். மஸ்கட்டில் இருக்கும் என் மகனுக்கு மெயில் அனுப்பச் சனிக்கிழமை மாலைதோறும் அங்கே போவேன். ஆமத்தூர் பஸ் வரும்வரை பொன்மணி பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து குதிரை வளர்ப்பார்.

கணினி விளையாட்டுக் குதிரைகள்தாம். 2007ஆம் ஆண்டு, மகள் செல்வலட்சுமியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்க்க வந்தவர், கூட்டம் குறையக் காத்திருந்த நேரத்தில் ஜெபசுந்தரின் திரையில் குதிரைகள் மேய்வதைக் கண்டார்.

"தம்பி, இதெல்லாம் யாரு குதிரை?"

"என் குதிரைதாங்க்கா. நீங்களும் வளக்கலாம். புல்லு வாங்க வேண்டாம், சாணி அள்ள வேண்டாம்."

அடுத்த சனிக்கிழமை 'பொன்மணி லாயம், ஆமத்தூர்' திறக்கப்பட்டது. ஆங்கிலத்தில் வருவதை ஜெபசுந்தர் படித்துச் சொல்வார். வீடு மாமனார் பேரில், ரேஷன் அட்டை கணவர் பேரில். தன் பேரில் இருப்பது லாயம் ஒன்றுதான் என்று பொன்மணி தோழி வேலுத்தாயிடம் பெருமையடித்துக்கொள்வார்.

இந்த விளையாட்டில் குதிரையின் உயரத்தைக் கையால் அளப்பார்கள். ஒரு கை என்றால் நான்கு அங்குலம். தரையிலிருந்து தோள்மேடு வரைதான் கணக்கு, தலை சேராது. பொன்மணியிடம் இருந்தவை பெரும்பாலும் பதின்மூன்று கை மட்டக்குதிரைகள். விலைக்கு வாங்கிய ஒரே ஒரு பெட்டைக்குதிரை மட்டும் பதினேழு கை. உயரமான லாயம் வேண்டும் என்று அதை மட்டக்குதிரையோடு சேர்த்தார். பிறந்த பெட்டைக்குட்டி வளர்ந்து பதினைந்து கையில் நின்றுவிட்டது. அதற்குள் தாய்க்கு வயதாகி, இனிக் குட்டி போடாது என்று விளையாட்டு அறிவித்துவிட்டது.

2008 தீபாவளி முடிந்த கையோடு புது விதி வந்தது. பதினாறு கைக்குக் குறைந்த குதிரைகளைப் போட்டியில் சேர்ப்பதில்லை. டிசம்பர் முடிவதற்குள் ஒரு குதிரையையாவது போட்டியில் நிறுத்தாத லாயத்தை மூடிவிடுவார்கள். குதிரையை விலைக்கு வாங்கி நிறுத்தினால் செல்லாது. அந்த லாயத்திலேயே பிறந்திருக்க வேண்டும்.

ஜெபசுந்தருக்குக் கவலையில்லை. அவருடைய உயரக் குதிரைகள் ஏற்கெனவே பரிசு வாங்கியவை. பரிசு வாங்கிய குதிரையை, அந்த ஆண்டுப் போட்டி முடியும்வரை வேறு லாயத்துக் குதிரையோடு சேர்க்க விளையாட்டு விடாது. கழித்துக்கட்ட வைத்திருந்த ஒரு நடுவாந்திர ஆண்குதிரை மட்டும் அவரிடம் பதினைந்து கையில் நின்றது. அதன் தகப்பன் பதினேழு கை, தாய் மட்டம்.

"அக்கா, இதை ஒங்க பதினைஞ்சு கைப் பெட்டையோட சேர்த்துப் பாருங்க. சும்மாதானே நிக்குது."

"எதுக்கு தம்பி? பச்சையையும் பச்சையையும் கலந்தா மஞ்சள் வருமா? இம்புட்டு வருசமா கலக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அவர் கணக்கில் உயரம் என்பதும் ஒரு மை. பதினேழில் பதின்மூன்றைக் கலந்தாயிற்று. கலந்ததைப் பிரிக்க எந்த அச்சகத்தாலும் முடியாது. காலண்டர் சீசன் வேறு. அச்சகத்தில் வேலை நெருக்கியது. இரண்டு வாரம் பொன்மணி குதிரைகளுக்குத் தீனி மட்டும் போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை வேலுத்தாயும் செல்வலட்சுமியும் அவரோடு வந்தார்கள். மகளுக்கு வாலிபால் ஆடக் காலணி வாங்க வேண்டியிருந்தது. சென்டரின் வாசல் தாழ்வு. அந்தப் பெண் குனிந்துதான் நுழைந்தாள்.

"மதினி, நீங்களும் நடுத்தரம், அண்ணனும் நடுத்தரம். இவ மட்டும் எப்படி இம்புட்டு ஒசந்தா? யூரியா கீரியா வெச்சீகளா?" என்றார் வேலுத்தாய்.

"எங்க அய்யா ஒசரம்டி, ஆத்தாதான் குட்டை. அவுக வீட்டுலயும் அதே கததான். மாமனாரு நெட்டை, மாமியா…"

பொன்மணி அப்படியே நிறுத்தினார். மகளைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார்.

"ஏ வேலு, பச்சையும் பச்சையும் கலந்து மஞ்சள் வந்து நிக்குதுடி!"

"என்ன மதினி ஒளறுறீக?"

"தம்பி, அந்தக் குதிரையைக் குடுங்க. சீக்கிரம், பஸ் வந்துரும்!"

பெற்றவர்களின் உயரம் பிள்ளைக்கு வருவதைச் சீட்டுக்கட்டாகப் பார்த்தால் எளிதாகப் புரியும்; விளையாட்டிலும் அதே கணக்குதான். உயரத்தை ஒரு பெரிய சீட்டு தீர்மானிப்பதில்லை. பல சிறிய சீட்டுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நடுவாந்திரக் குதிரையின் கையில் உயரச் சீட்டுகளும் குட்டைச் சீட்டுகளும் கலந்திருக்கின்றன. மையைப் போல ஒன்றோடொன்று கரைந்துவிடவில்லை. தாயும் தகப்பனும் தங்கள் சீட்டில் பாதிப் பாதியைக் குட்டிக்குத் தருகிறார்கள். இரு பக்கமும் உயரச் சீட்டாக வந்து விழுந்தால், பெற்றவர்களைவிடக் குட்டி உயர்ந்துவிடும். குட்டைச் சீட்டாக விழவும் அதே அளவு வாய்ப்பு உண்டு.

முதலில் விழுந்தது குட்டைதான். வாரம் ஒரு குட்டி என்பது விளையாட்டின் கணக்கு. பிறந்த அன்றே அது வளர்ந்தால் எத்தனை கை வரும் என்று காட்டிவிடும். முதல் குட்டி பதினாலு கை. இரண்டாவது, பெற்றவர்களைப் போலவே பதினைந்து.

"அக்கா, இன்னும் ஒரு குட்டிக்குத்தான் நேரம் இருக்கு. அது வளரவும் ஒரு வாரம் வேணும்" என்றார் ஜெபசுந்தர்.

"இருக்கட்டும் தம்பி. நான் ஒண்ணுதான் பெத்தேன், அது ஒசரமா வரலையா?"

மூன்றாவது சனிக்கிழமை நான் மெயிலைப் பாதியில் விட்டுவிட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். குட்டி திரையில் வந்தது. பதினாறு கை, ஒரு அங்குலம். வேலுத்தாய் போட்ட சத்தத்தில், பக்கத்து டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரோடு எட்டிப் பார்த்தார். ஆனால் ஜெபசுந்தர் கீழே இருந்த வரியைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒசரம் சரிக்கா. உடம்புதான்… ரெட்டைநாடி."

உடல்வாகுக்கு வேறு சீட்டுக்கட்டு. மட்டக்குதிரைப் பக்கத்துப் பருமன் முழுவதும் இந்தக் குட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. உயரம் தாத்தன் வழி, உடம்பு பாட்டி வழி என்று மனிதர்களில் பார்ப்பதுதான்.

டிசம்பர் 27, தாண்டும் போட்டி. கூடியிருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். பொன்மணியின் குதிரை நிதானமாக ஓடி வந்து முதல் கட்டையைத் தள்ளியது. இரண்டாவதையும் தள்ளியது. மூன்றாவதைத் தாண்டியபோது எல்லோரும் கை தட்டினோம். நாலாவது கட்டை என்ன ஆனது என்று சொல்லத் தேவையில்லை.

"மதினி, இது தாண்ட வந்துச்சா, வேலியப் பிரிக்க வந்துச்சா?" என்று வேலுத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசிக்கு முந்தின இடம். ஜெபசுந்தரின் குதிரை முதலிடம். அவர் தன் பெருமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொன்மணி லாயத்தின் பக்கத்தைத் திறந்தார். பெயருக்குப் பக்கத்தில், வரும் ஆண்டுக்கும் லாயம் செல்லும் என்று பச்சை எழுத்தில் வந்திருந்தது.

"இருக்கா தம்பி?"

"இருக்குங்க்கா. யாரும் மூட முடியாது."

பொன்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார். வெளியே ஆமத்தூர் பஸ் ஹாரன் அடித்தது.

"போகட்டும், அடுத்த பஸ் இருக்கு. நீங்க சொல்லுங்க தம்பி, ஒங்க லாயத்துல ஒடிசலா, ஒசரமா ஆண்குதிரை எது நிக்குது?"