வக்கீலம்மா போட்ட பெஞ்சு

காலை பதினொன்றே காலுக்கு என் வாயால்தான் காரியம் கெட்டது. திருமயத்தில் மகளின் வக்கீலம்மா வீட்டு மாடியில், மகளும் மருமகனும் ஆளுக்கொரு வக்கீலோடு உட்கார்ந்து, கோர்ட்டில் சண்டை போடாமல் பேசியே பிரிந்துகொள்ள முயன்றார்கள். பேத்தி யாரிடம் எத்தனை நாள் என்ற பேச்சு வந்ததும், "பிள்ளையக் கண்ணுலயே காட்ட மாட்டோம்" என்றேன். மருமகன் எழுந்து இறங்கிப் போய்விட்டார்.

வக்கீலம்மா பேனாவை மூடினார். யார் கோபமாகப் பேசினாலும் அப்படித்தான். அந்தப் பேச்சு அவர் தாளில் ஏறாது.

"இது முறிஞ்சா கேஸ் நடத்த நாங்க ரெண்டு வக்கீலுமே வர மாட்டோம். அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கோம். புது வக்கீல், புதுச் சண்டைங்க சார்."

"நான் பெத்தவன்மா."

"பெத்தவங்களுக்குத்தான் வெளியில பெஞ்சு போட்டிருக்கேன்."

மகள் சிரித்துவிட்டாள், பல மாதங்களுக்குப் பிறகு. நான் வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த அம்மா மருமகனுக்குப் போன்கூடப் போடவில்லை. எந்த நம்பிக்கையில் அப்படிக் காத்திருந்தார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அரை மணி கழித்துப் படியேறி வந்த மருமகன் என் முன்னால் நின்றார்.

"ஞாயித்துக்கெழம பாப்பாவ நீங்களே கூட்டியாந்து விடுங்க மாமா. வேற யாரு வந்தாலும் அழுவா."