பை இடது தோளில் இருந்தால்

அந்தப் படத்தின் ரயில் நிலையக் காட்சியில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. போர்க்காலத்து உளவாளிகளின் கதை. பழைய கறுப்பு வெள்ளை. காதலர்களான இரண்டு உளவாளிகள், எதிரி அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, முன்பின் தெரியாதவர்கள்போல ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள். இசை கிடையாது. பூட்ஸ் சத்தம் மட்டும். கேமரா அந்த உளவாளிப் பெண்ணை விட்டு நகரவே இல்லை.

"நாமளும் இப்படி நடந்துக்கிட்டா என்ன?" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டித் தேர்வு வகுப்பு. இருவரும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவோம். மதிய இடைவேளையில் காலி வகுப்பறையில் என் போன், ஆளுக்கொரு காதில் இயர்போன், நாளுக்குக் கொஞ்சமாகப் படம். அந்த இங்கிலீஷ் வேகம் அவளுக்குப் பிடிபடாது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

அவள் அப்பாவுக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கடை. அதனால் படத்தைப் பார்த்து ஒரு விதி வைத்தோம். பை வலது தோளில் இருந்தால் பேசலாம். இடது தோளில் என்றால் கடந்து போய்விட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது.

முதல் நாளே திட்டு வாங்கினேன்.

"ஏலே, நீ முழிக்கிற முழிக்கே ரெண்டு பேரையும் சுட்டுருவானுங்க."

"நீ மட்டும் என்னவாம்? சிரிப்பை அடக்க முடியாம குனிஞ்சுக்கிட்டே போற."

"போகப் போகப் பாரு."

படத்தில் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருக்கும்போது அவள் சில நாள் வகுப்புக்கு வரவில்லை. ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், அப்பாவோடு எதிரே வருகிறாள். பை இடது தோளில். இமைகூட ஆடாமல் என்னைத் தாண்டிப் போனாள். குனியவில்லை, சிரிக்கவில்லை. எம்புட்டு நல்லா பண்ணுதா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வரைக்கும் விசிலடித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் வகுப்பில் அவள் தோழி வந்தாள். "அவளுக்கு நிச்சயம் ஆயிருச்சு. இனிமே வரமாட்டா. நேத்து அப்பாவோட ஜவுளி எடுக்கப் போனா. உன்கிட்டச் சொல்லச் சொன்னா."

"வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அந்த ரயில் நிலையக் காட்சியை அதற்குப் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். அவன் தாண்டிப் போனதும் அவள் கை பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொள்கிறது. முன்பு நான் அதைக் கவனித்ததே இல்லை. அவனுக்கும் தெரியாது, அவன் திரும்பிப் பார்க்கவில்லையே. நானும் பார்க்கவில்லை.

படம் முழுவதற்கும் தமிழ் சப்டைட்டில் எழுதி இணையத்தில் போடப் போகிறேன். கடைசிக் காட்சியிலிருந்து தொடங்குகிறேன். அவள் பார்க்காதது அது ஒன்றுதான்.