நூகு உரித்த பிளாஸ்டிக் தாள்

சென்ற செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியட் முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது இறப்புச் செய்தி வந்தது. "நம்ம நூகு மௌத்தாயிட்டாராம் சார். நெஞ்சுவலி" என்றார் பி.டி. மாஸ்டர். நம் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இருபது வருடம் உதவியாளராக இருந்த நூகுவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆய்வகத்துக்கு வெளியே அவர் எனக்குச் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். இதுவரை சொல்லாததற்குக் காரணம் என் வெட்கம்தான்.

தமிழாசிரியனாகிய நான் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விளையாடுவேன். சிரிக்க வேண்டாம். கத்தாரில் வேலை பார்க்கும் மகன் அருளோடு, இணையம் வழியாக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். போனில் பேசினால் "சாப்பிட்டியா", "ஆச்சு" என்பதோடு முடிந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் வண்டி ஓட்டும்போதுதான் அவன் மேலதிகாரியைத் திட்டுவான், அம்மா வைக்கும் மீன்குழம்பைச் சொல்லி ஏங்குவான்.

படம் நன்றாக ஓடட்டும் என்று அவனே ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி அனுப்பினான். இரண்டாம் மாதமே தகராறு. பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு படம் விக்கி விக்கி நகரும். "அப்பா, உங்க வண்டி வளைவுல அப்படியே நிக்குது. அடுத்த வாரம் பாப்போம்" என்று அருள் போய்விடுவான். அப்புறம் ஒரு வாரம் வரவே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன், படத்தின் தரத்தைக் குறைத்தேன். கடைக்காரர் கார்டே போச்சு என்றார்.

நூகுவிடம் புலம்பினேன். கோட்டாறிலிருந்து பூதப்பாண்டியிலுள்ள என் வீட்டுக்கு ஒரு ஸ்குரூ டிரைவரோடு வந்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, "இனி விளையாடுங்க சாரே, நான் பாக்கேன்" என்று தரையில் உட்கார்ந்தார். படம் விக்கத் தொடங்கியதும் டார்ச்சை அடித்துப் பார்த்துச் சிரித்தார். கார்டின் இரண்டு விசிறிகளில் ஒன்று சுற்றவில்லை. புதுமை போய்விடக் கூடாதென்று நான் உரிக்காமல் விட்டிருந்த பிளாஸ்டிக் தாள் சூட்டில் இளகி, சுருண்டு, இறக்கைக்குள் மாட்டியிருந்தது. காற்றில்லாமல் சூடேறிய கார்டு, கருகிப்போகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது.

வளைகுடா சாமானுக்கு நம் ஊரில் யார்தான் கவரைப் பிரிக்கிறோம்? எங்கள் வீட்டு ரிமோட் ஏழு வருடமாகக் கவருக்குள்தான் இருந்தது. நூகு அன்று கார்டின் தாளை உரித்த கையோடு அதையும் உரித்தார். "பிள்ள அனுப்பினது ஓடுகதுக்காக்கும் சாரே, பொத்தி வைக்கதுக்கில்ல" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அருள் ஒன்றரை மணி நேரம் இருந்தான். நூகுவுக்குப் பாட்டு என்றால் உயிர். நன்றியாக நல்லதொரு ஹெட்செட் வாங்கிக் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் உள்ளேயிருந்து அந்த ஹெட்செட்டை எடுத்து வந்தாள். பெட்டியோடு, மேலே ஒட்டிய தாளோடு அப்படியே இருந்தது.

"வாப்பா யாரையும் தொட விடமாட்டாவ மாமா. சாரு தந்ததாக்கும், பழசாயிரப்பிடாதுன்னு அலமாரியில வச்சிருந்தாவ. நீங்களே கொண்டு போங்க."

அடப்பாவி மனுஷா, எனக்கா புத்தி சொன்னீர்! அங்கேயே உட்கார்ந்து தாளை உரித்தேன். பாதியில் கண்ணீர் கண்ணை மறைத்தது. மீதியை அந்தப் பெண்தான் உரித்தாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. அந்த ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, நூகு போன செய்தியை அருளிடம் சொன்னேன். அவன் தன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். நானும் பக்கத்தில் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் முடியும்வரை அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நூகு எனக்கு விட்டுப்போயிருப்பது அந்த ஒரு மணி நேரத்தை.