டிராமில் சொன்ன அறை எண்

ஜேர்மனியில், ஹம் நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். சென்ற இலையுதிர் காலத்தில் இரண்டு நாள் பயிற்சிக்காக லைப்சிக் போனேன். ஊர் சுற்றிப் பார்க்கலாமென்று மேலும் ஒரு நாள் லீவு எடுத்துத் தனியாகத் தங்கிவிட்டேன்.

அன்று பின்னேரம் டிராமில் அக்காவுடன் போனில் கதைத்துக்கொண்டு வந்தேன். தமிழ்தானே, இங்கே யாருக்கு விளங்கப்போகிறது என்ற தைரியம். ஹோட்டல் பெயரைச் சொன்னேன். "தனியத்தான் நிக்கிறன். அறை இருநூற்றுப் பதினாலு. கதவை வடிவாப் பூட்ட ஏலாமல் கிடக்கு. கள்ளன் வந்தாலும் என்ரை குறட்டையைக் கேட்டு ஓடிப்போயிடுவான்" என்று சொல்லிச் சிரித்தேன்.

போனை வைத்ததும், எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் தமிழில் சொன்னார்: "திரும்பிப் பாக்காதேங்கோ, தங்கச்சி. பின்னாலை கறுப்புத் தொப்பியோடை ஒருத்தர் இருக்கிறார். நீங்கள் குறட்டைக் கதை சொல்லேக்கை அவரும் சிரிச்சவர்."

அடுத்தது என் தரிப்பிடம். எழும்பப் பார்த்தேன்.

"இறங்காதேங்கோ" என்றார்.

தொப்பிக்காரர் மட்டும் இறங்கினார். டிராம் புறப்படும் வரை அங்கேயே நின்று, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார்.

மத்திய ரயில் நிலையத்தில் இறங்கி, ஹோட்டலுக்குப் போன் எடுத்து அறை எண்ணைச் சொன்னேன். வரவேற்பில் இருந்த பெண் அன்பாகவே சொன்னாள்: "உங்கள் அண்ணா வந்திருக்கிறார். அறைக்குப் போகலாமா என்று கேட்கிறார்."

எனக்கு அண்ணா இல்லை. பொலிஸைக் கூப்பிடச் சொன்னேன்; அவர்கள் வருவதற்குள் அந்த ‘அண்ணா’ போய்விட்டார்.

இப்போது வெளியில் போன் வந்தால் "பிறகு எடுக்கிறன்" என்று மட்டும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, சுற்றியிருப்பவர்களில் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்க்கிறேன்.